இரண்டு மொழி இருந்தால் இரட்டைச் சிரிப்பு!



முதலில் ஒரு பழைய ஜோக். உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். பரவாயில்லை, இன்னொரு முறை சிரிக்கலாம்.

ஒருவர் தன் நண்பரிடம் கேட்டார்: "ஐ டோன்ட் நோ என்றால் என்னப்பா அர்த்தம்?"

நண்பர் சொன்னார்: "எனக்குத் தெரியாது."

"அடடா, உனக்கும் தெரியாதா? நானும் ஊரெல்லாம் கேட்டுவிட்டேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை!"

சிரித்தீர்களா? சரி. இப்போது ஒரு கேள்வி. ஏன் சிரித்தீர்கள்?

அந்த நண்பர் சரியான விடையைத்தான் சொன்னார். ஆனால் கேட்டவர் அதை 'விடை தெரியவில்லை' என்று எடுத்துக்கொண்டார். ஒரே வாக்கியம், இரண்டு அர்த்தம். இந்த ஜோக்கை ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாத உங்கள் பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். "இதில் என்னடா சிரிப்பு?" என்பார். தமிழ் தெரியாத ஓர் ஆங்கிலேயரிடம் சொன்னாலும் அவர் விழிப்பார். இரண்டு மொழியும் கொஞ்சமாவது தெரிந்தவருக்குத்தான் இது இனிக்கும். அந்த இரண்டு மொழிக்காரர், வேறு யாருமல்ல, நீங்கள்தான்!

நீங்களும் இருமொழிக்காரர்தான்!

"எங்கள் வீட்டில் தமிழ் மட்டும்தானே பேசுகிறோம்?" என்கிறீர்களா? இன்று காலையில் நீங்கள் பேசியதை நினைத்துப் பாருங்கள்.

"அம்மா, ஸ்கூல் பஸ் மிஸ் ஆயிடுச்சு. அப்பாவை பைக்ல டிராப் பண்ணச் சொல்லு!"

இதில் எத்தனை ஆங்கிலச் சொற்கள் என்று விரல் விட்டு எண்ணுங்கள். ஸ்கூல், பஸ், மிஸ், பைக், டிராப். ஐந்து! ஆனால் வாக்கியத்தைக் கட்டி நிறுத்தியிருப்பது தமிழ் இலக்கணம்.

"பைக்" ஆங்கிலம். அதன் பின்னால் வந்த "ல" தமிழ் வேற்றுமை உருபு. "டிராப்" ஆங்கிலம். அதோடு "பண்ண" என்ற தமிழ் வினை ஒட்டிக்கொண்டது. "போன் பண்ணு", "டைப் பண்ணு", "செலக்ட் பண்ணு" என்று எல்லாவற்றுக்கும் இதே முறைதான். "நான் நேற்று டைப்பினேன்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இல்லையே! இந்த விதியை எந்த வகுப்பிலும் யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் நீங்கள் தவறாமல் கடைப்பிடிக்கிறீர்கள்.

ஷானா பாப்லாக் என்ற மொழியியல் அறிஞர், நியூயார்க் நகரில் ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் கலந்து பேசும் மக்களின் பேச்சை ஆராய்ந்து 1980-இல் எழுதினார். அவர்கள் இஷ்டத்துக்குக் கலந்து பேசவில்லை. இரண்டு மொழி இலக்கணமும் உடையாத இடத்தில்தான் மொழி மாறுகிறார்கள் என்று கண்டார். அதிலும், ஒரே வாக்கியத்துக்குள் அழகாக மாறுகிறவர்கள் யார் தெரியுமா? இரண்டு மொழியையும் நன்றாக அறிந்தவர்கள்!

சில சமயம் நாம் வேடிக்கையாக ஒரே பொருளை இரண்டு மொழியிலும் சொல்லிவிடுவதும் உண்டு. "நடு சென்டர்ல நிக்காதே", "கேட்டு வாசல்ல நில்லு" என்கிறோம் அல்லவா? நடு என்றாலும் சென்டர் என்றாலும் ஒன்றுதானே! இனிமேல் யாராவது சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

ஆளுக்கேற்ற மொழி

ஓசூர் பக்கம் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கடைக்காரர் ஒருவரிடம் தெலுங்கில் விலை சொல்வார். அடுத்து வந்தவரிடம் கன்னடத்தில் பேசுவார். உங்களைப் பார்த்ததும் தமிழில் "என்ன வேணும் கண்ணு?" என்பார். கர்நாடகமும் ஆந்திரமும் அருகில் இருக்கும் ஊர் அது. மதுரையில் வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழியும், வாசல் தாண்டினால் தமிழும் பேசும் குடும்பங்கள் ஏராளம். திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை செய்ய வட மாநிலங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், வீட்டில் இந்தியும் பள்ளியில் தமிழும் பேசுகிறார்கள். அம்மாவுடன் ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் மொழிபெயர்த்துச் சொல்வதும் அந்தப் பிள்ளைகள்தான். எட்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய பொறுப்பு பாருங்கள்!

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் நூற்றுக்குச் சுமார் 26 பேர் இரண்டு மொழியாவது தெரிந்தவர்கள். இரண்டு மொழி கேட்டு வளரும் குழந்தை, ஏறக்குறைய இரண்டு வயதிலேயே 'இவரிடம் இந்த மொழி, அவரிடம் அந்த மொழி' என்று ஆள் பார்த்துப் பேசத் தொடங்கிவிடும்.

இரண்டு வகை ஜோக்குகள்

இப்போது ஜோக் பக்கம் வருவோம். ஜோக்குகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நடந்த செய்தியால் சிரிப்பு வருவது. இன்னொன்று, சொல்லால் சிரிப்பு வருவது.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. ரோமாபுரியில் வாழ்ந்த சிசரோ என்ற பெரிய பேச்சாளர், கி.மு. 55-இல் எழுதிய பேச்சுக்கலை நூலில் அதைச் சொல்லியிருக்கிறார். சொற்களை மாற்றிப் பாருங்கள். அப்போதும் சிரிப்பு வந்தால் அது செய்தியில் உள்ள நகைச்சுவை. சிரிப்பு போய்விட்டால் அது சொல்லில் உள்ள நகைச்சுவை.

சோதித்துப் பார்ப்போமா?

தெனாலிராமன் தோட்டத்தில் திருடர்கள் ஒளிந்திருந்த கதை உங்களுக்குத் தெரியும். "நகைப் பெட்டியைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டேன்" என்று திருடர்கள் காதில் விழும்படி மனைவியிடம் சொன்னான் ராமன். திருடர்கள் விடிய விடியத் தண்ணீர் இறைத்தார்கள். செலவில்லாமல் தோட்டம் முழுக்க நீர் பாய்ந்தது! இந்தக் கதையைத் தெலுங்கில் சொன்னாலும் சிரிப்புத்தான். இந்தியில் சொன்னாலும் சிரிப்புத்தான். சீன மொழியில் சொன்னாலும் சிரிப்புத்தான்.

இப்போது இதைப் பாருங்கள்.

தம்பி: "அக்கா, டீ இன்னும் ஆறலையா?"

அக்கா: "ஒரு டீதானேடா போட்டேன், அது எப்படி ஆறாகும்?"

இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். சூடு தணிவதற்கு ஒரு சொல், எண்ணுக்கு வேறொரு சொல். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சிரிப்பு எங்கே போயிற்று? ஆவியாகிவிட்டது!

இப்படி ஒரே தொடர் இரண்டு பொருள் தருவதைச் 'சிலேடை' என்கிறோம். 'இரட்டுற மொழிதல்' என்பது அதன் அழகான தமிழ்ப்பெயர். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த காளமேகப் புலவர் இதில் மன்னர். பாம்புக்கும் எள்ளுக்கும் பொருந்துவதுபோல் ஒரே பாட்டுப் பாடினார். பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் பொருந்த இன்னொரு பாட்டு. பெரிய வகுப்புக்குப் போகும்போது படித்து மகிழ்வீர்கள்.

நம் காலத்துக்குச் சற்று முன் வாழ்ந்தவர் கி.வா.ஜகந்நாதன். உ.வே.சாமிநாதையரின் மாணவர், 'கலைமகள்' இதழின் ஆசிரியர். 1967-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவர். அவர் வாயைத் திறந்தால் சிலேடை கொட்டும் என்பார்கள். ஒரு வீட்டில் அவருக்குப் பூரி பரிமாறினார்களாம். பூரி ஜகந்நாதனாகிய தமக்குப் பூரி பிடிக்காமல் இருக்குமா என்ற பொருளில் அவர் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டார்களாம். ஒடிசா மாநிலத்தில் பூரி என்ற ஊரில் புகழ்பெற்ற ஜகந்நாதர் கோயில் இருக்கிறது. அது தெரிந்தவருக்கு உடனே சிரிப்பு வரும். தெரியாதவர் பூரியை மட்டும் சாப்பிடலாம்!

ஹாலில் எலியா?

ஒரு மொழிக்குள்ளேயே இத்தனை வேடிக்கை என்றால், இரண்டு மொழி சந்தித்தால் கேட்கவேண்டுமா?

பெங்களூரில் ஒரு வீடு. விருந்துக்கு வந்திருக்கிறான் நம் ஊர்ச் சிறுவன். அந்த வீட்டு அம்மா சமையலறையிலிருந்து, "ஹாலு எல்லி?" என்று குரல் கொடுத்தார். உடனே பையன் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு கத்தினான்: "ஐயோ, ஹாலில் எலியாம்!"

அந்த அம்மா கேட்டது, "பால் எங்கே?" என்றுதான். கன்னடத்தில் ஹாலு என்றால் பால். எல்லி என்றால் எங்கே.

இதில் ஒரு பாடமும் இருக்கிறது. தமிழில் 'ப' என்று தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் 'ஹ' என்று தொடங்கும். பால் – ஹாலு. பல் – ஹல்லு. பத்து – ஹத்து. பூ – ஹூவு. புலி – ஹுலி. பழைய கன்னடத்திலும் இவை 'ப' என்றுதான் இருந்தன. பிற்காலத்தில் 'ஹ' ஆக மாறின. இந்த ஒரு சாவியைக் கையில் வைத்துக்கொண்டால் கன்னடத்தில் பல கதவுகளைத் திறக்கலாம். சாவி என்றதும் நினைவுக்கு வருகிறது. 'சாவி' என்பதே போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து நமக்கு வந்த சொல்தான்! ஜன்னல், மேசை, அலமாரி ஆகியவையும் அப்படி வந்தவையே. நாமும் சும்மா இருக்கவில்லை. கட்டுமரத்தையும் சுருட்டையும் மிளகுத் தண்ணீரையும் ஆங்கிலத்துக்குக் கொடுத்திருக்கிறோம்.

அடுத்தது கேரளம். அங்கிருந்து வந்த விருந்தாளி ஒருவர், "கொஞ்சம் வெள்ளம் வேணும்" என்றார். வீட்டுக்காரர் பதறிப் போனார்: "வெள்ளமா! எங்க தெருவுல குடிக்கத் தண்ணியே வரலை!" மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்.

இன்னும் சில சொற்களைப் பாருங்கள்.

அவசரம்: தமிழில் விரைவு. தெலுங்கில் தேவை. மலையாளத்தில் வாய்ப்பு.

அவகாசம்: தமிழில் கால இடைவெளி. தெலுங்கில் வாய்ப்பு. மலையாளத்தில் உரிமை. இந்தியில் 'அவகாஷ்' என்றால் விடுமுறை!

சம்சாரம்: தமிழில் குடும்பம், மனைவி. மலையாளத்தில் பேச்சு. இந்தியில் 'சன்சார்' என்றால் உலகம்.

சிட்சை: தமிழில் தண்டனை. மலையாளத்தில் 'சிக்ஷ' என்றாலும் தண்டனை. இந்தியில் 'சிக்ஷா' என்றால் கல்வி! சில நாட்களில் உங்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றலாம். அது வேறு விஷயம்!

இவை எல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து வந்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு வேலை பார்க்கும் சொற்கள்.

"சார்!"

இன்னொரு ஜோக். கணக்கு வகுப்பு. வட மாநிலத்திலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவன். ஆசிரியர் அவனை எழுப்பிக் கேட்கிறார்.

"இரண்டும் இரண்டும் எத்தனை?"

"சார்!"

"கூப்பிட்டது போதும். விடையைச் சொல்லு."

"சார்!"

"அட, எத்தனை தடவைதான் கூப்பிடுவாய்? விடை எங்கே?"

"சார், சார்!"

இந்தியில் நான்கு என்பதைச் 'சார்' என்பார்கள். 'ச'வைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கடைசியாக அவன் சொன்னது என்ன தெரியுமா? "ஐயா, நான்கு!"

சிரித்துவிட்டீர்கள். நல்லது. இப்போது ஒரு நிமிடம் யோசியுங்கள். இந்த ஜோக்கில் தவறு செய்தவன் அந்தப் பையனா? அவன் முதல் தடவையே சரியான விடையைச் சொல்லிவிட்டான். மூன்று முறை சரியாகச் சொல்லியும் அவன் உட்கார முடியவில்லை!

சிரிப்பு வராத ஒரு சிரிப்பு

இது ஜோக். ஆனால் உண்மையிலேயே நடந்தால் எப்படி இருக்கும்?

செங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் நான் வேலை பார்த்தபோது, கேரளத்திலிருந்து வந்த ஒரு சிறுமி ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தாள். தமிழை வேகமாகக் கற்றுக்கொண்டு வந்தாள். பங்குனி மாதம், நல்ல வெயில். காலையில் எழுந்து நின்று, "சார், எனக்குப் பனி" என்றாள்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. "இந்த வெயில்ல உனக்கு மட்டும் பனியா? மார்கழி மாசம் வந்துருச்சா?" என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் குளிரில் நடுங்குவதுபோல் நடித்துக் காட்டினான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர். நான் அருகில் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அனலாய்க் கொதித்தது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல்!

உடனே அவள் தந்தைக்கு ஆள் அனுப்பினோம். வந்து அழைத்துப் போனார். வகுப்பில் யாரும் பேசவில்லை. நடுங்கி நடித்த பையன் மெதுவாக, "எனக்குத் தெரியாது சார். ஜோக்குன்னு நினைச்சேன்" என்றான். அவன் நல்ல பையன்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அவன் சிரிப்புக்குப் பயந்து, அந்தக் குழந்தை காய்ச்சலை மறைத்துக்கொண்டு மாலை வரை உட்கார்ந்திருந்தால்?

நான்கு நாள் கழித்து அவள் வந்தாள். வாயே திறக்கவில்லை. எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். எப்போது எதற்குச் சிரிப்பார்களோ என்ற பயம். இப்படி நாள் கணக்கில் பேசாமலே இருந்துவிட்டால் பாடமும் போகும், தோழமையும் போகும்.

ஒரு விளையாட்டு வைத்தோம். கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, 'ஒரே ஓசை, வேறு பொருள்' என்று தலைப்பு எழுதினேன். தினமும் ஒரு சொல். முதல் சொல் 'பனி'. அதை எழுதும்படி சாக்பீஸை அவளிடமே கொடுத்தேன். அடுத்த நாள் அவள் கொண்டு வந்த சொல் 'வெள்ளம்'. மூன்றாம் நாள் 'தப்பு'. நமக்கு அது தவறு. மலையாளத்தில் 'தேடு' என்று பொருள். "சார், பேனாவைத் தப்பினேன், கிடைக்கலை" என்று அவள் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். இந்த முறை அவளும் சேர்ந்து சிரித்தாள். வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு பையன், அதுவரை அதைச் சொல்லாமலே இருந்தவன், 'அவசரம்' என்ற சொல்லோடு வந்து நின்றான்.

பார்த்தீர்களா, பிள்ளைகளே! முதல் நாளும் சிரிப்பு வந்தது ஒரு சொல்லுக்காகத்தான். மூன்றாம் நாளும் ஒரு சொல்லுக்காகத்தான். ஆனால் முதல் சிரிப்பு அவளைப் பார்த்துச் சிரித்தது. அடுத்த சிரிப்பு அவளோடு சேர்ந்து சிரித்தது.

நல்ல ஜோக் சொல்ல நாலு வழி

1. கேட்பவருக்கு அந்த மொழியும் செய்தியும் தெரியுமா என்று பாருங்கள். தெரியாது என்றால் முதலிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ஜோக்கைச் சொன்ன பிறகு விளக்கினால் ஆறிப்போன வடைதான்.

2. சிரிப்புச் சொல்லைக் கடைசியில் வையுங்கள். அதற்கு முன் சற்று நிறுத்துங்கள். கேட்பவர் மனது ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது, அந்தச் சொல் அவரை மறுபக்கம் திருப்ப வேண்டும்.

3. ஒருவர் பேசும் விதத்தையோ, உச்சரிப்பையோ, வீட்டு மொழியையோ கேலி செய்யாதீர்கள். அவர் இரண்டாவது மொழியில் தடுமாறுகிறார் என்றால், அவருக்கு முதல் மொழி ஒன்று நன்றாகத் தெரியும் என்று அர்த்தம். கோயம்புத்தூர்த் தமிழ், நெல்லைத் தமிழ், சென்னைத் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

4. யாராவது புரியாத சொல் சொன்னால் சிரிப்பதற்கு முன், "அப்படின்னா என்ன?" என்று கேளுங்கள். ஜோக் ஓடிப்போகாது, பிறகு சிரித்துக்கொள்ளலாம்.

கலந்து பேசுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நண்பர்களோடு கலந்து பேசுங்கள், குற்றமில்லை. ஆனால் கலக்காமல் பேசவும் தெரிய வேண்டும். ஆங்கிலம் தெரியாத பெரியவரிடமும், தமிழ் தெரியாத விருந்தாளியிடமும் முழுதாகப் பேச முடிந்தால்தான் நீங்கள் உண்மையான இருமொழிக்காரர். ஆங்கிலம் கலக்காமல் ஐந்து நிமிடம் உங்கள் பள்ளியைப் பற்றிப் பேசிப் பாருங்கள். கடிகாரத்தை யாராவது பார்த்துக்கொள்ளட்டும். வேடிக்கையாக இருக்கும்!

உங்களுக்கு ஒரு வேலை

இந்த வாரம் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் எடுங்கள். உங்கள் வகுப்பிலோ தெருவிலோ வேறு மொழி பேசுகிறவர் யார் என்று பாருங்கள். உருது, தெலுங்கு, கன்னடம், மலையாளம், சௌராஷ்டிரம், இந்தி, எதுவாகவும் இருக்கலாம். அவரிடம் போய், "எங்கள் சொல்போலவே ஒலிக்கும், ஆனால் வேறு பொருள் தரும் உங்கள் சொல் ஒன்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பத்துச் சொல் சேர்ந்ததும், அவற்றை வைத்து இருவரும் சேர்ந்து ஒரு ஜோக் எழுதுங்கள்.

பத்துச் சொல் கிடைக்கும். கூடவே ஒரு நண்பரும் கிடைப்பார். எங்கே, கிளம்புங்கள் பார்க்கலாம்!